எட்டு புள்ளி மூன்று மூன்று

குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அளப்பதில் உலகம் இதுவரை செய்து வந்த தவறு ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகப் பார்த்தது. அந்தத் தவறைத் திருத்திய ஊர் மரக்காணம். திருத்தியவன் நான். தற்புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது என்பதால் இதை ஒரு முறைதான் சொல்கிறேன். இனி வருவதெல்லாம் சான்றுகள்.

என் பெயர் தட்சணாமூர்த்தி. முப்பத்தோரு வருஷம் உப்பளத்தில் மாதிரி எடுத்தவன். மாதிரி எடுப்பது என்றால் என்ன என்று உப்பளம் பார்க்காதவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். கரையில் ஆயிரம் மூட்டை உப்பு குவிந்து கிடக்கும். கல் கல்லாகவா நக்கிப் பார்க்க முடியும்? உச்சியில் ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை அள்ளுவேன். மூன்றையும் கலந்து சோதித்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று சீட்டு எழுதி விடுவேன். குவியல் முழுக்க அந்த ரகம்தான். இத்தனை வருஷத்தில் எந்த உப்பும் என் முன்னால் வந்து நின்று, "நான் அப்படி இல்லை" என்று சொன்னதில்லை. பண்புள்ள பொருள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே நாடு என்னைக் கூப்பிட்டது. குழந்தைகள் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு கண்டறிதல் இயக்கம் என்று ஒன்று எங்கள் வட்டாரத்துக்கு வந்து இறங்கியிருந்தது. "அனுபவம் மிக்க தரக்கட்டுப்பாட்டு வல்லுநர்" தேவை என்று திட்ட அலுவலர் புருஷோத்தமன் விளம்பரம் கொடுத்திருந்தார். எதன் தரம் என்று அதில் போடவில்லை. நானும் கேட்கவில்லை. சேர்ந்த பிறகுதான் பிள்ளைகள் என்று தெரிந்தது.

மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க இருபத்து நான்கு கேள்விகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறதா, இப்படி. கவலைப்பட வேண்டிய ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறும். ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நேரில் பார்ப்பார். வாரம் மூன்று நாள் சிறப்பு ஆசிரியர் அந்தப் பள்ளிக்கு வருவார். பட்டியலில் இல்லையா, டாக்டரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. மிகத் தெளிவான ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால் பத்தொன்பது பள்ளிகளில் ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். கெடு ஆறு நாள். ஆலோசனைக் கூட்டத்தில் புருஷோத்தமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு பிள்ளைக்கு அரை மணி என்றாலும் மூன்று மாதம் ஆகும், என் வேலை போய்விடும் என்றார். சமோசா தட்டு இரண்டாம் சுற்று வந்தது. அப்போதுதான் நான் எழுந்து நின்றேன்.

"பள்ளிக்கூடத்துக்கு மூணு புள்ள போதும் சார். உயரத்துல ஒண்ணு, நடுத்தரத்துல ஒண்ணு, குள்ளத்துல ஒண்ணு. மார்க்கைக் கூட்டி மூணால வகுத்துடலாம். வர்ற நம்பர் பள்ளிக்கூடம் முழுக்கப் பொருந்தும்."

அறையில் சமோசா மெல்லும் சத்தம் நின்றது. பெரிய கண்டுபிடிப்புகளின்போது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. சிறப்பு ஆசிரியர் கலையரசன் மட்டும் கடைசி நாற்காலியிலிருந்து, "சார், உப்பு வேற, புள்ள வேற" என்றார். இந்த வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான் சிறப்பு ஆசிரியர். இப்படிப்பட்ட குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றி நான்கு வருஷம் படித்துவிட்டு வந்தவர். படித்தவர்களிடம் இந்தத் தொல்லை உண்டு. கூட்டக் குறிப்பேட்டில், "சிறப்பு ஆசிரியர் திட்டத்தை முழுமனதோடு வரவேற்றுப் பேசினார்" என்று எழுதிக்கொண்டோம்.

முதலில் உப்பளத்துக்குப் பின்னால் இருக்கும் காலனிப் பள்ளிக்குப் போனோம். சோதனையை வகுப்பறைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கலையரசன் சொன்னார். புருஷோத்தமனுக்கு ஆண்டறிக்கைக்குப் போட்டோ வேண்டும். பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் தெரிந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். ஆகவே சோதனை பாத்தி வரப்பில் நடந்தது. பகல் பதினொன்றரை மணி. ஏப்ரல் மாதம். நான் கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன்.

முடிவுகள் எங்களை அதிர வைத்தன. கண்ணைப் பார்க்கிறதா என்ற கேள்விக்கு மூன்று பிள்ளைகளில் ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. மூன்றும் கண்ணை இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தன. நுனிக்காலில் நடக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செருப்பைக் கழற்றச் சொன்னோம். மூன்றும் நுனிக்காலில் நடந்தன. ஒன்று குதிக்கவே செய்தது. பம்ப் செட் ஓடிக்கொண்டிருந்ததால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் திரும்பவில்லை. காத்திருந்த நேரத்தில் மூன்றும் உட்கார்ந்து உப்பைச் சின்னச் சின்னக் குவியலாக ஒரே வரிசையில் வைத்தன, உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாக்கள் வைக்கிற மாதிரியே. பொருட்களை வரிசையாக அடுக்குகிறதா? அடுக்குகிறது. ஒரு மதிப்பெண்.

அதில் ஒரு சிறுமி வாயாடி. "சார், நெழலுக்கு வந்து கேளுங்க, நான் உங்க கண்ணையே பாக்குறேன்" என்றாள். "கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள்" என்று குறித்து இன்னொரு மதிப்பெண் போட்டேன். பதினான்கு, பதின்மூன்று, பதினைந்து. சராசரி பதினான்கு. காலனிப் பிள்ளைகள் அறுபத்தொரு பேரும் ஒரே கையெழுத்தில் பட்டியலில் ஏறினார்கள். போட்டோவும் நன்றாக வந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பள்ளி. அங்கே நடுத்தர உயரத்துக்கு அகப்பட்டவள் பூஜா. ஆறு வயது. அவள் வரும்போதே வாசல் நிலையை மூன்று முறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பேசவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல் அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்க் குந்திக்கொண்டாள். எட்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஃபேன் பக்கமிருந்து அவள் கண் வரவில்லை. மதிப்பெண் இருபத்திரண்டு. உயரமான பையன் பூஜ்யம். குள்ளமான பெண், பூஜாவின் பக்கத்து இருக்கைக்காரி யுவராணி, மூன்று. கூட்டினால் இருபத்தைந்து. மூன்றால் வகுத்தால் எட்டு புள்ளி மூன்று மூன்று. ஒன்பதுக்குக் கீழே. பள்ளி முழுவதும் நலம். தலைமை ஆசிரியையிடம் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பூஜாவின் அம்மா சங்கீதா அலுவலகத்துக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். எங்கள் படிவத்தை முந்நூறு பிரதி எடுத்துக் கொடுத்ததே அவள்தான். எடுக்கும்போது படித்துப் பார்த்திருக்கிறாள். ஏழாவது கேள்விக்கு வந்தபோது மிஷினை நிறுத்திவிட்டாளாம். அதுவரை பிள்ளைக்குத் திமிர் என்று மாமியாரும், கண் பட்டுவிட்டது என்று அக்கம்பக்கமும், வளர்ப்பு சரியில்லை என்று புருஷனும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அன்றைக்குத்தான் இதற்குப் பெயர் இருக்கிறது, பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததாம். கடைக்காரர் எதிரிலேயே அழுதுவிட்டதாகச் சொன்னாள். ஒரு படிவம் இவ்வளவு நெகிழ்ச்சியை உண்டாக்கியது எங்கள் துறைக்குப் பெருமை என்று நான் சொன்னேன்.

பூஜா அந்த வருஷம் இரண்டு முறை பள்ளி கேட்டைத் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். இரண்டாம் முறை பாண்டிச்சேரி பஸ் பிரேக் போட்டு ஒரு முழ தூரத்தில் நின்றதாம். சிறப்பு ஆசிரியர் வந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஜூனில் கூட்டிக்கொண்டு வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாராம். எல்லாம் எங்கள் பட்டியலைப் பொறுத்தது. எங்கள் பட்டியலின் முக்கியத்துவத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட குடிமகளை நான் கண்டதில்லை.

"எம் பொண்ணுக்கு இருபத்திரண்டு வந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம் ஏன் சார் பேர் இல்ல?"

விளக்கினேன். அவள் மகள் மோசம் இல்லை. மற்ற இருவரும் ரொம்ப நன்றாக இருந்துவிட்டார்கள். சேர்த்துப் பார்த்தால் அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

"மூணு பேர்ல ஒருத்திக்கு ஜுரம் சார். மூணு பேருக்கும் சேத்து ஒரே தெர்மாமீட்டரா வெப்பீங்க?"

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. அதைக் கனிவோடு எடுத்துச் சொன்னேன். ஆனால் நாங்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதே மூன்று பிள்ளைகளை மறுபடி சோதிப்போம், சராசரி ஒன்பதைத் தொட்டால் பெயர் ஏறும் என்றேன். அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்போ மத்த ரெண்டு புள்ளைங்களும் சேந்து அஞ்சு மார்க் வாங்கணும்" என்றாள். நல்ல கூர்மையான பெண். படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

பிறகு நடந்ததை நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன். மற்ற இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களும் சங்கீதா வீட்டில் கூடியிருக்கிறார்கள். கலையரசனும் போயிருக்கிறார், அவர்மேல் தனிக் கோப்பு திறந்திருக்கிறோம். பதினைந்து நாளும் சாயங்காலம் பயிற்சி. கூப்பிட்டால் திரும்பாதே. பொம்மை காட்டினால் பார்க்காதே. சிரித்தால் சிரிக்காதே. உயரமான பையன் இரண்டாம் நாளே சிரித்துவிட்டானாம். யுவராணிதான் கெட்டிக்காரி. "பூஜாவுக்காக நான் செலை மாதிரி இருப்பேன்" என்று சொல்லி, வீட்டில் சோறு போடக் கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லையாம். தங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சாதிக்கிற தாய்மார்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவள் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை மார்க் வாங்க வைக்கிற தாய்மார்கள் மரக்காணத்தில்தான் இருக்கிறார்கள். சட்டப்படி இது முறைகேடு.

மறுசோதனை பள்ளி வராந்தாவில் நடந்தது. பூஜா மறுபடியும் இருபத்திரண்டு. பையன் தம் கட்டி, வாயைப் பொத்தி, எப்படியோ மூன்று வாங்கிவிட்டான். யுவராணி அசைந்து கொடுக்கவில்லை. மிட்டாய் காட்டினேன், பார்க்கவில்லை. கிச்சுக்கிச்சு மூட்டினார் புருஷோத்தமன். கண்ணில் நீர் வந்ததே தவிர சிரிக்கவில்லை. இருபது கேள்வி முடிந்தபோது அவள் கணக்கில் ஆறு இருந்தது. கூட்டினால் முப்பத்தொன்று. சராசரி பத்தைத் தாண்டிவிட்டது. தூண் பக்கத்தில் நின்றிருந்த சங்கீதா கையைக் கூப்பிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். அவள் என்ன வேண்டிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பூஜா காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் நேரே கேட்டைப் பார்த்து ஓடினாள். பெரியவர்கள் நாங்கள் அத்தனை பேரும் என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். என் கையில் பேனா இருந்தது.

யுவராணி ஓடினாள். "பூஜா, பூஜா, நில்லு" என்று கத்திக்கொண்டே ஓடி, கேட்டுக்கு அந்தப் பக்கம் போய், சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பூஜாவின் காதைப் பொத்திய கைகளின்மேல் தன் கைகளையும் வைத்துப் பொத்திக்கொண்டாள். சென்னைக்குப் போகும் பஸ் ஒன்று அவர்களுடைய தலைமுடி பறக்கும்படி கடந்து போனது.

நான் என் கடமையைச் செய்தேன். இருபத்தோராவது கேள்வி: பிறருக்கு ஒன்று என்றால் பிள்ளை பதறுகிறதா? பதறுகிறது. பெயர் சொல்லி அழைக்கிறது, ஓடுகிறது, தொடுகிறது, தேற்றுகிறது. ஆகவே முன்பு காட்டியது அத்தனையும் நடிப்பு என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. ஆறையும் அடித்துவிட்டு யுவராணிக்குப் பூஜ்யம் போட்டேன். இருபத்திரண்டு, மூன்று, பூஜ்யம். இருபத்தைந்து. எட்டு புள்ளி மூன்று மூன்று. விஞ்ஞானம் என்றால் இதுதான். இரண்டு முறை அளந்தாலும் ஒரே விடை.

யுவராணி என்னிடம் வந்து, நான் மறுபடி சிலையாக இருக்கிறேன், இன்னொரு தடவை கேளுங்கள் என்று அழுதாள். விதியில் ஒரு முறைதான் மேல்முறையீடு. சங்கீதா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ பண்ணதுதான் கண்ணு சரி" என்றாள். நான் கணக்கை எழுதி முடிக்கத் தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனேன். சங்கீதா படிக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனாள்.

ஜூன் மாதம் திட்டம் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கியது. கலையரசன் வாரம் மூன்று நாள் காலனிப் பள்ளிக்குப் போகிறார். அறுபத்தொரு பிள்ளைகளும் அவர் கண்ணைப் பார்த்து ஓயாமல் பேசி அவரைத் தூங்க விடுவதில்லை. அந்த வாயாடிச் சிறுமி அவருக்கே வாய்ப்பாடு சொல்லித் தருகிறாளாம். "அங்க எனக்கு வேலையே இல்ல சார், ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு புள்ள எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குது" என்று எழுதிக் கொடுத்தார். பட்டியலில் இல்லாத பிள்ளை காத்திருக்க முடியாது என்று பதில் அனுப்பினோம். சனிக்கிழமைகளில் அவர் சொந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் பூஜாவோடு உட்காருகிறார் என்று தகவல் வந்தது. விளக்கம் கேட்டு மெமோ போயிருக்கிறது.

ஆமாம், பூஜா இப்போது ஜெராக்ஸ் கடையில்தான் இருக்கிறாள். பள்ளியில் சேர்க்கவில்லை. சங்கீதாவின் துப்பட்டாவின் ஒரு முனை பிள்ளையின் இடுப்பில், மறு முனை மேஜைக் காலில். கடை வாசலிலேயே ஈ.சி.ஆர். அல்லவா. காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷின் வெளிச்சம் போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். "குடும்பம் சார்ந்த பராமரிப்பு" என்ற தலைப்பில் எங்கள் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் முறையை மற்ற வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்தப் போவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்த அன்று சங்கீதா அலுவலகத்துக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று புருஷோத்தமன் பின்வாசல் வழியாகக் கள ஆய்வுக்குப் போய்விட்டார். அவள் அமைதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் எங்கள் படிவம் ஒன்று, வெற்றுப் பிரதி.

"சார், ஊரு முழுக்க இதைக் கேட்டீங்க. உங்கள ஒருத்தரும் கேக்கலியே. நான் கேக்கட்டுமா?"

எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் மணி மணியாகப் பதில் சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவீர்களா? மேலிடம் கூப்பிடுவதற்கு முன்பே திரும்புவேன். பழக்கத்தை மாற்றச் சொன்னால் முரண்டு பிடிப்பீர்களா? உத்தரவு வந்தால் அந்த நிமிஷமே மாற்றிக்கொள்வேன். ஆபத்து எது என்று தெரியுமா? தெரியும், உங்கள் பிள்ளை ரோட்டுக்கு ஓடியது மூன்று முறை, தேதியோடு கோப்பில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் வருத்தப்பட்டால் புரியுமா?

"நல்லா புரியும்மா. அன்னிக்கு நீங்க படிக்கட்டுல நின்னு அழுதீங்களே, நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதினாள். இருபத்து நான்கு கேள்விக்கும் சேர்த்து மொத்தம் பூஜ்யம். யுவராணியைப் போலவே நானும் ஒரு பூஜ்யம் வாங்கியிருந்தேன் என்றால் என் சந்தோஷத்தைச் சொல்லவும் வேண்டுமா. அவள் கையெழுத்துப் போட்டு, படிவத்தை மேஜையில் வைத்து, பிள்ளை கடையில் தனியாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போய்ச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று எடுத்துப் பார்த்தபோதுதான் அடியில் "குறிப்பு" என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்ததைப் படித்தேன்:

"இவருக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் புரிந்தேதான் செய்திருக்கிறார்."